யார் கையில் இருந்தது கிட்டார்

இது நான் வாசித்தது இல்லை. என் கை இப்படிக் காத்திருக்காது. இரண்டாவது சுரத்துக்கும் மூன்றாவது சுரத்துக்கும் நடுவில் இவ்வளவு நேரம் சும்மா இருக்கிற தைரியம் எனக்கு என்றைக்குமே கிடையாது. எதையாவது போட்டு நிரப்பியிருப்பேன். ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்துத்தானே சிரிக்கிறார்கள்? நானும் ஏன் சிரித்துக்கொண்டிருக்கிறேன்?

அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒலிப்பதிவுக் கூடத்தின் சின்ன சோபாவில், அண்ணனுக்கும் அண்ணிக்கும் நடுவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். டிரம்ஸ் வாசிக்கிற பல்லு இடமில்லாமல் சோபாவின் கைப்பிடியில் ஏறியிருந்தான். எதிர்ச் சுவரில் இருந்த பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து அவர்களுடைய ஒத்திகை அறையின் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஃபோனில் பதிவு செய்த துண்டு அது. அண்ணி அனுப்பி வைத்தது. தொலைவில் யாரோ முனகுகிறார்கள், டிரம்ஸ் நொண்டுகிறது, எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தக் கிட்டார். ஒரு சுரம். இன்னொன்று. பிறகு ஒரு பெரிய இடைவெளி. கதவு திறக்குமா திறக்காதா என்று வாசலில் நிற்கிற மாதிரி. அப்புறம், எதிர்பார்த்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே, மூன்றாவது.

கூடத்தின் சொந்தக்காரர் வலது காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இந்தப் பழக்கத்தைப் பார்த்த முதல் நாளே பல்லு அவருக்குக் 'காது' என்று பெயர் வைத்துவிட்டான்.

"போன வருஷம் நீங்க போட்ட பாட்டெல்லாம் கேட்டேன்மா," என்றார் அவர், அவளைப் பார்த்து. "நல்லா இருந்துச்சு. நல்லா இருக்குன்னு சொல்லிட்டு மறந்துட்டேன். இது என்னை மறக்க விடல. நேத்து பல் தேய்க்கறப்பகூட ஓடுது."

"பல் விஷயம்னா என்கிட்ட வாங்க சார்," என்றான் பல்லு. பொய்ப்பல் செய்கிற பட்டறையில் வேலை பார்க்கிறவன் அவன்.

காது சிரிக்கவில்லை. "யாரோ யோசிச்சுக்கிட்டே நடக்கற மாதிரி இருக்கு இந்தக் கிட்டார். ஆல்பம் முழுக்க எனக்கு இது வேணும். இப்படின்னா அடுத்த மாசமே ஆரம்பிக்கலாம், ரூம் என்னோடது, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன். பழைய மாதிரிதான்னா, ஊர்ல வேற ரூம் இருக்கு."

ஊரில் இருந்த வேறு ரூம்களெல்லாம் அவர்களை ஏற்கெனவே வேண்டாம் என்று சொல்லியிருந்தன. அது அவருக்குத் தெரியாது. சோபாவில் இருந்த நாலு பேருக்கும் தெரியும்.

அண்ணன் அவள் தோளை இறுக்கிப் பிடித்து உலுக்கினான். "என் தங்கச்சி சார்!" என்றான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை அறிமுகப்படுத்துகிற குரல். அவள், "தேங்க்ஸ் சார்," என்றாள். சொன்ன பிறகுதான் எதற்கு என்று யோசித்தாள். அதற்குள் பேச்சு தேதி, சாவி, வண்டி என்று எங்கேயோ போய்விட்டது.

*

குழுவுக்கு 'ஈரத்துணி' என்று பெயர். ஒத்திகை அறை ஒரு சலவைக்கடையின் மாடியில் இருந்ததுதான் காரணம். ஆரம்பத்தில் கீழே பழைய உலர்த்தும் எந்திரங்கள் ஓடின. தரை வழியாக ஒரே சுரத்தில் ஒரு முனகல் ஏறி வரும். அதற்கு ஒத்துவராத சுரத்தில் பாடினால், குழுவில் பாடுகிற அண்ணிக்குத் தலை சுற்றும். அதனால் அவள் கிட்டாரின் தந்திகளைத் தளர்த்தி எந்திரத்தோடு சேர்த்து வைத்தாள். எந்திரத்தை மீறிக் கேட்க வேண்டுமே என்று இரைச்சல் பெடலை மிதித்தாள். மிதித்த காலை எடுக்கவே இல்லை. முதல் பாட்டுகள் அப்படித்தான் கனமாக, மங்கலாக, தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தன. கேட்டவர்கள், "என்னமா ஒரு சவுண்டு!" என்றார்கள். எந்திரத்தின் சவுண்டு என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு கடைக்காரர் புது எந்திரங்கள் வாங்கினார். சத்தமே இல்லை. முதல் நாள் அந்த அமைதியில் வாசித்தபோது அவளுக்குத் தன் கையே துணியில்லாமல் நிற்பது போலிருந்தது. ஒவ்வொரு தப்பும் கேட்டது. பெடலை விட்டாள், எதிரொலி போட்டாள். சுரங்களை நெருக்கி நெருக்கி வைத்தாள், சரிகை வேலை மாதிரி, எங்கே துணி என்று தெரியாத அளவுக்கு. இரண்டாவது வருஷத்துப் பாட்டுகள் அவை. கேட்டவர்கள், "எவ்வளவு முன்னேற்றம்!" என்றார்கள்.

இப்போது அதுவும் அலுத்துவிட்டது. கொஞ்ச நாளாக எதை வாசித்தாலும் வேறு யாரோ வாசித்த மாதிரி இருந்தது. இல்லாவிட்டால் தான் முன்னால் வாசித்த மாதிரி இருந்தது. இரண்டில் எது மோசம் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பாட்டு உண்டாவது எப்போதும் ஒரே வழியில்தான். அவள் கிட்டாரில் ஏதாவது வாசித்து அண்ணிக்கு அனுப்புவாள். அண்ணி அதைக் கேட்டுக் கேட்டு அதன்மேல் வார்த்தை வைப்பாள். "உன் கிட்டார் கேட்டாத்தான் எனக்கு வாயே திறக்கும்," என்பாள் அண்ணி. கல்யாணமாகி வந்த புதிதில், இந்த வீட்டில் யாரோடு என்ன பேசுவது என்று தெரியாமல் இருந்த நாட்களில், நாத்தனாரின் அறைக் கதவில் சாய்ந்து நின்று முதல் முதலில் முனகியதைத்தான் அவள் அப்படிச் சொல்வாள். அந்த வாசகத்தில்தான் இவள் இத்தனை வருஷம் குடியிருந்தாள்.

பாட்டு முட்டிக்கொண்டு நின்றுவிட்டால் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. 'மாத்திக்கறது' என்பார்கள். அவரவர் வாத்தியத்தை, அண்ணி என்றால் மைக்கை, வைத்துவிட்டு, கைக்குக் கிடைத்த இன்னொருவர் வாத்தியத்தை எடுத்துக்கொள்வார்கள். முறை எதுவும் கிடையாது. எட்டிப் பிடித்தவருக்குக் கிடைக்கும். இரண்டு சுற்று மூன்று சுற்று மாறி, சிரித்துக் களைத்து, தங்கள் வாத்தியத்துக்கே திரும்புவார்கள். ஃபோன் கிட்டாரின் ஆம்ப்பின் மேலே பதிவு செய்தபடி ஓடிக்கொண்டிருக்கும். ஒரு தடவை கேட்டுவிட்டு அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். அண்ணன் போட்ட சட்டம். "குளியலறையில பாடறதை எவனாவது டிக்கெட் போட்டு விப்பானா?" என்பான்.

காது கேட்ட துண்டு, அப்படி மாற்றிக்கொண்ட ஒரு மாலையில் பதிவானது. அது மட்டும் எல்லோருக்கும் நிச்சயம். அழிக்க மறந்திருக்கிறார்கள்; அண்ணி வேறொரு பதிவை அனுப்புவதற்குப் பதிலாக இதை அனுப்பிவிட்டாள். ஆனால் அந்தத் துண்டு மாறுவதற்கு முன்னால் வாசித்ததா, மாறியபோதா, திரும்பி வந்த பிறகா?

*

அடுத்த ஒத்திகையில் கேட்டுவிட்டாள். "அன்னிக்கு நான்தான் கிட்டார்ல இருந்தேனா?"

அண்ணன் பேஸ் கிட்டாரின் வாரை மாட்டிக்கொண்டிருந்தான். "பின்னே? நீதான் உட்கார்ந்து வாசிச்சே. கால் வலிக்குதுன்னியே."

"டேய் மச்சான், கால் வலின்னது நான்டா," என்றான் பல்லு. "நாள் முழுக்க நின்னு நாலு தாடைக்குப் பல்லு கட்டிட்டு வந்திருந்தேன்."

"நீ அன்னிக்கு வரவே இல்லையேடா."

"வராமலா உன் பேஸை வாசிச்சேன்?"

"என் பேஸை நீயா வாசிச்சே? அப்ப நான் எங்க இருந்தேன்?"

"அதை என்கிட்ட கேக்கறான் பாரு. ஏண்டா, உனக்கு ஞாபகம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"ஞாபகம் இருந்தா நான் எதுக்குடா பேஸ் வாசிக்கறேன்?"

பல்லு குச்சியால் தட்டிச் சிரித்தான். "தங்கச்சி, நீ எதுக்கு இதைப் போட்டுக் குடையறே? அவர் நல்லா இருக்குன்னுட்டார். நீ கண்ணாடிக் கடையில கண்ணு, நான் பல்லு, இப்ப காது வேற கிடைச்சாச்சு. மூக்கு ஒண்ணுதான் பாக்கி, அதை நடுவுல நுழைக்காதே."

அண்ணி ஜன்னல் பக்கம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மூடியைத் திருகி மூடிவிட்டுச் சொன்னாள்: "நீதான் வாசிச்சே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கண்ணை மூடிக்கிட்டிருந்தே."

அவ்வளவு நிதானமாகச் சொன்னாள். சொன்னதும் இவளுக்கே அப்படி ஒன்று தெரிய ஆரம்பித்தது. மூடிய இமைக்குள் குழல்விளக்கின் சிவப்பு வெளிச்சம். விரல் நுனியில் தந்தியின் குளிர்ச்சி. இதெல்லாம் அன்றைக்கு நடந்ததா, இல்லை இந்த நிமிஷம் அண்ணி சொல்லிச் செய்து கொடுத்ததா? தன் ஞாபகத்துக்கே இன்னொருவர் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது. கூடவே, அண்ணி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற பழைய நிம்மதியும் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு உள்ளே நின்றன.

அன்று அந்தச் சுரங்களை வாசித்துப் பார்த்தாள். ஒன்றும் கஷ்டமில்லை. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள்கூட வாசித்துவிடலாம். ஆனால் அவள் வாசித்தபோது அது சரியாக இருந்தது. சரியாக மட்டும் இருந்தது.

*

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்குக் கண் பரிசோதிக்கிற வேலை. இருட்டு அறையில் ஒருவரை உட்கார வைத்து, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதா?" என்று கேட்க வேண்டும். பல வருஷமாகக் கேட்கிற கேள்வி. அந்த வாரம்தான் அது எவ்வளவு பொல்லாத கேள்வி என்று புரிந்தது.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு," என்றார் ஒரு பெரியவர்.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

"முதல்ல போட்டது தெளிவா இருந்துச்சு. நீங்க கேட்டதும் ரெண்டாவது தெளிவா ஆயிடுச்சு. நீங்க படிச்சவங்க, நீங்களே ஒண்ணைச் சொல்லிடுங்களேன்மா."

அவளுக்கும் யாராவது சொல்லிவிட்டால் தேவலை என்றுதான் இருந்தது.

மதியம், கடையின் பின்னறையில், சாப்பிட்ட பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு மறுபடியும் அந்தத் துண்டைப் போட்டாள். கிட்டாரைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போயிருந்தது. இந்தத் தடவை கேட்கக்கூட இல்லை. சுவரில் மாட்டியிருந்த விளம்பரப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது மேஜைக்கு அடியில் வலது கால் தானாகத் தட்ட ஆரம்பித்திருந்தது. தட்டுவது ஆச்சரியமில்லை. ஆனால் மூன்றாவது அடியில் கால் ஒரு கணம் தயங்கி, தாமதமாக விழுந்தது. அதே இடத்தில், அதே தயக்கத்தோடு, துண்டில் டிரம்ஸும் விழுந்தது. மறுபடியும். மறுபடியும். எங்கே நொண்டும் என்று காலுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

மாற்றிக்கொள்ளும்போதெல்லாம் பல்லு அவளைக் கேலி செய்வான்: "உன் மூணாவது அடி வர்றதுக்குள்ள பஸ் போயிடும் தங்கச்சி."

நான் டிரம்ஸில் இருந்திருக்கிறேன்.

பிறகு எல்லாம் தானாக விலகி விலகி இடம் காட்டின. பேஸ் கிட்டாரை மேளம் மாதிரி அறைகிறானே, அது பல்லு. தூரத்தில் வார்த்தை தெரியாமல் முனகுவது அண்ணன். பல்லவியே ஞாபகம் இல்லாதவன் அவன் ஒருவன்தான். மிச்சம் ஒரே ஒரு வாத்தியம். மிச்சம் ஒரே ஒரு ஆள்.

வாசிக்கவே தெரியாதவள்.

நியாயமாகப் பார்த்தால் தெளிவு கிடைத்தாகிவிட்டது. ஆனால் சரியான வில்லையைப் போட்டதும் சிலருக்குத் தரை மேடு பள்ளமாகத் தெரியுமே, அப்படித்தான் இருந்தது அவளுக்கு. என் கிட்டாரைக் கேட்டால்தான் அண்ணிக்கு வார்த்தை வரும் என்றால், அண்ணிக்குக் கிட்டாரும் வந்துவிட்ட பிறகு நான் எதற்கு?

*

அண்ணிக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்கிற வேலை. மேடைகளுக்கு நடுவே, மாடிப்படி ஏறிப் போனால், கண்ணாடி போட்ட ஒரு கூண்டு. உள்ளே ஒரு மைக், ஒரு திரை, இரண்டு நாற்காலி. அவள் போனபோது அண்ணி விரலை உதட்டில் வைத்து, உட்காரச் சொல்லி ஜாடை காட்டினாள்.

"பயணிகளின் கவனத்துக்கு. விமான நிலையம் செல்லும் பேருந்து நான்காவது மேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது." பொத்தானை அணைத்தாள். "என்ன, கடை இல்லையா?"

"அரை நாள் லீவு."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. அண்ணி, அது நீங்க வாசிச்சதுதானே?"

அண்ணி திரையைப் பார்த்தாள். எதுவும் புறப்படவில்லை. தப்பிக்க வழியில்லாதவள் மாதிரி நாற்காலியை இவள் பக்கம் திருப்பினாள்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"என் கால் சொல்லிடுச்சு."

"அந்த நொண்டி டிரம்ஸா?" அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதை நான் யோசிக்கவே இல்ல பாரு."

"கண்ணை மூடிக்கிட்டிருந்தேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"ஏன்?"

"வேற என்ன சொல்லச் சொல்றே? தெரியாமத்தான் அனுப்பினேன், சத்தியமா. காது ஃபோன் பண்ணி அந்தக் கிட்டார் அந்தக் கிட்டார்னு குதிக்கறப்பதான் எதை அனுப்பினோம்னே பார்த்தேன். நான்தான் வாசிச்சேன்னு சொன்னா நீ என்ன பண்ணியிருப்பே? கிட்டாரைக் கொண்டுவந்து என் மடியில வெச்சுட்டு, ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்தியிருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?"

தெரியும்தான். அதுதான் இவளுக்குப் பொறுக்கவில்லை.

"பயணிகளின் கவனத்துக்கு. கடற்கரை வழியாகச் செல்லும் பேருந்து தாமதமாக வந்து சேரும். தடங்கலுக்கு வருந்துகிறோம்." அணைத்தாள். "கோபமா?"

"தெரியல."

"கோபம்னா கோபம்னு சொல்லு. தெரியலன்னு சொன்னா நான் என்னத்தைச் சமாதானம் பண்றது?"

"நிஜமாவே தெரியல அண்ணி. அந்த இடைவெளி... அதை எப்படி விட்டீங்க?"

அண்ணி இவளை விசித்திரமாகப் பார்த்தாள். "விட்டேனா? அடுத்த விரலை எங்க வைக்கறதுன்னு தெரியாம தேடிக்கிட்டிருந்தேன்டி. அவர் அதைப் போய் யோசிச்சுக்கிட்டே நடக்கறதுங்கறார்! வழி தெரியாம நின்னதை." சிரித்தாள். உடனே சிரிப்பை நிறுத்தினாள். "நானே திரும்ப வாசிச்சுப் பார்த்தேன். நீ கடைக்குப் போனப்புறம், உன் பழைய கிட்டாரை எடுத்து. வரவே இல்ல. எங்க வைக்கணும்னு தெரிஞ்சு போச்சே, அப்புறம் எப்படித் தேடறது? ஆனா உனக்கு வரும். நீ எதைக் கேட்டாலும் அப்படியே வாசிப்பியே."

"அது எனக்குப் பிடிச்ச குணம்னு நினைச்சீங்களா?"

"பிடிச்சுதோ இல்லையோ, இப்ப நமக்கு அதுதான் வேணும்." அண்ணி முன்னால் குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நாளெல்லாம் பொத்தானை அழுத்துகிற விரல், நடுவில் தட்டையாக இருந்தது. "இந்தக் கூண்டுல உட்கார்ந்து ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் வழியனுப்பி வெச்சாச்சு. ஒரு தடவை நானும் எங்கயாவது போகணும். பாட்டுல போனாக் கூடப் போதும். யார் வாசிச்சா என்ன? நம்ம வீட்ல என்னிக்காவது இது உன்னது, இது என்னதுன்னு பார்த்திருக்கோமா? என் புடவையை நீ கட்டலையா? அதைக் கத்துக்கோ. நீ வாசிச்சா அது உன்னது. அவங்க ரெண்டு பேருக்கும் சொல்ல வேண்டாம். காதுக்குச் சொல்லவே வேண்டாம்."

திரையில் ஏதோ சிவப்பாக மின்னியது. அண்ணி கையை விட்டுவிட்டு மைக்கின் பக்கம் திரும்பினாள். அறிவிப்பு முடியும்வரை காத்திருக்காமல் இவள் படியிறங்கினாள். கீழே மூட்டைகளோடு நின்றிருந்தவர்கள் எல்லோரும் அண்ணியின் குரலுக்கு ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். அன்பா அது, இரக்கமா? இரண்டும் இல்லாமல் வெறும் காரியமா? பெரிதாக ஒன்றைத் தனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாள் என்று ஒரு கணம் தோன்றியது. தன்னிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டு, எடுத்ததே தெரியாமல் திருப்பி வைத்துவிட்டாள் என்று அடுத்த கணம் தோன்றியது. வீட்டுக்குப் போகும் பேருந்தை விட்டுவிட்டாள். அதுவும் அறிவித்துத்தான் போனது.

*

கற்றுக்கொண்டாள். கற்றுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. கேட்டதை எடுப்பது அவள் கைக்கு மூச்சுவிடுவது மாதிரி.

முதலில் தந்தி மீட்டும் பிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கட்டைவிரலால் மீட்டினாள். சத்தம் கொஞ்சம் கிட்டே வந்தது. கிட்டாரை ஒழுங்காகப் பிடிக்காமல், யாரோ தன் கைக்குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லித் திணித்தது போல மடியில் வைத்தாள். இன்னும் கிட்டே வந்தது. இடைவெளிதான் பாக்கி. அதை எண்ணிப் பார்த்தாள், எண்ணினால் இறந்துவிட்டது. எண்ணாமல் விட்டால் அவள் கை முந்திக்கொண்டது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக்காரர் கார் கண்ணாடியைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். அவர் துணியை உதறிய நேரத்தில் மூன்றாவது சுரம் தானாக விழுந்தது. கொஞ்சம் கீழே. கொஞ்சம் பிந்தி.

வீட்டுக் கூடத்திலிருந்து அண்ணன் கத்தினான். "ஏய், அந்த கிளிப்பை எவ்வளவு தடவைதான் போடுவே? காது புளிச்சுப் போச்சு!"

அவள் கை தந்தியின் மேலேயே நின்றுவிட்டது. அண்ணன் ஏமாறக்கூடிய ஆள்தான். ஆனால் அவளுக்கே வித்தியாசம் தெரியவில்லையே. தேடுகிறவளை அச்சு எடுத்தாயிற்று. வழி தெரியாமல் நின்றவள் நின்ற இடத்தில், வழி தெரிந்த ஒருத்தி அதே மாதிரி நின்று காட்டிவிட்டாள். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தாள். ஆல்பம் கிடைத்துவிட்டது. அண்ணி கூண்டை விட்டு வெளியே வருவாள். இனி வருகிற எல்லாப் பாட்டுக்கும் இப்படியே நின்று காட்டினால் போதும். முன்னால் எந்திரம் ஓடியது, அதை மூட வாசித்தேன். பிறகு எந்திரத்தின் சத்தம் நின்றது, அந்த அமைதியை மூடவும் வாசித்தேன். இது எதை மூட?

கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"இப்பதான் உனக்கு இரக்கம் வந்துச்சு," என்றான் அண்ணன் அங்கிருந்து.

*

ஒலிப்பதிவு அறையில் கிட்டாருக்கு மட்டும் மூன்று மைக் வைத்திருந்தார் காது. ஒன்று ஆம்ப்புக்குப் பக்கத்தில், ஒன்று தந்திக்கு நேராக, ஒன்று அறையின் மூலையில். "அந்தச் சும்மா இருக்கற நேரம் இருக்கே, அதை இதுதான் பிடிக்கும்," என்று மூலை மைக்கைத் தட்டிக் காட்டினார். காற்றைப் பிடிக்க வலை போட்டிருப்பது போலிருந்தது அவளுக்கு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் அண்ணனும் பல்லுவும் ஒரே பொட்டலத்திலிருந்து எதையோ எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அண்ணி தின்னவில்லை. காது கொடுத்த ஹெட்ஃபோனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு அருகே நின்றிருந்தாள்.

"கிளிப்ல இருக்கற மாதிரி, அவ்வளவுதான்மா," என்றது காதின் குரல், அவளுடைய ஹெட்ஃபோனுக்குள். "பயப்படாதே. ஒரே தடவை."

அவள் கிட்டாரை மடியில் வைத்தாள். கட்டைவிரல் தானாகத் தந்தியைத் தேடிப் போனது. போக வேண்டிய இடம் அதற்குத் தெரியும். விரலை எடுத்துத் தொடைமேல் வைத்தாள்.

"அந்த மாதிரி வாசிக்க மாட்டேன் சார்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பல்லுவின் கை பொட்டலத்துக்குள்ளேயே நின்றது.

"வரலையா?" என்றார் காது. "வராட்டிப் பரவாயில்ல, பொறுமையாப் பண்ணலாம்."

"வரும் சார்."

"வருமா? பின்னே என்ன?"

அவளுக்கும் அதுதான் தெரியவில்லை. நேர்மை என்று சொல்லலாம். ஆனால் உண்மையை இப்போதும் அவள் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை. பொறாமையாக இருக்கலாம். பிடிவாதம் என்று அண்ணன் சொல்வான், அது பாதி சரியாக இருக்கும். ஒன்று மட்டும்தான் கைக்குத் தெரிந்தது: இதை இங்கே தன்னுடையதாக வாசித்துவிட்டால், இனிமேல் தனக்கு நிஜமாகவே வழி தெரியாமல் போகும்போது, அது நிஜமா நடிப்பா என்று தன்னாலேயே கண்டுபிடிக்க முடியாது.

"அப்ப என்னதான் வாசிக்கப் போறே?" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. கடிகாரம் பார்க்கிற குரல்.

"தெரியல சார். ஏதாவது வாசிக்கறேன். பிடிக்கலேன்னா நிறுத்திடுங்க."

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து அண்ணியைப் பார்த்தார். அண்ணி அவருக்கு முன்னால் இருந்த, உள்ளே பேசுவதற்கான பொத்தானை அழுத்தினாள். எங்கே அழுத்த வேண்டும் என்று கேட்கக்கூட இல்லை, பழகிய விரல். ஹெட்ஃபோனுக்குள் அண்ணியின் குரல் மிக அருகில் வந்தது. பயணிகளுக்கான குரல் இல்லை. கதவில் சாய்ந்து நின்ற நாளின் குரல்.

"எனக்காக. ஒரே ஒரு தடவை."

கண்ணாடியில் அண்ணியின் முகத்தின் மேலேயே இவள் முகமும் தெரிந்தது. எது முன்னால் இருக்கிறது, எது பின்னால் என்று பிரிக்க முடியவில்லை.

"வேண்டாம் அண்ணி," என்றாள் மெதுவாக.